பீங்கான் பொட்டு

மூன்றாவது தடவையும் விழுந்துவிட்டது. பானுப்பிரியா அதை ஒரு சங்குசக்கரப் பட்டாசு லேபிளில் மடித்து எடுத்து வந்திருந்தாள். டாக்டர் வீரலட்சுமி மேசை விளக்கின் கீழே பொட்டலத்தைப் பிரித்தாள். உளுந்தம்பருப்பு அளவுகூட இல்லாத உலோகக் கிளிப். அதன் முதுகில் பசை அப்படியே இருந்தது. கிளிப்பைப் பசை விடவில்லை. பல்தான் பசையை விட்டிருந்தது.

"எதையும் கடிச்சியாம்மா? முறுக்கு, கடலை மிட்டாய்?"

"இல்ல டாக்டரம்மா. வாய் கொப்புளிச்சேன், தண்ணியோட வந்துருச்சு. பொட்டு மாதிரிப் பொலக்குன்னு விழுந்திருது."

அவள் அந்தக் கிளிப்புகளைப் பொட்டு என்றுதான் சொல்வாள். மேல்வரிசைப் பற்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு, அவற்றைக் கோத்து ஒரு கம்பி. கம்பி மெல்ல மெல்ல இழுத்துத் தூக்கலான பற்களை உள்ளே கொண்டுவர வேண்டும். பொட்டு நின்றால்தானே கம்பி இழுக்கும்.

அது 2006 தொடக்கம். வீரலட்சுமி சென்னையில் பல்சீரமைப்பு மேற்படிப்பு முடித்து, சிவகாசியில் ஒரு காலண்டர் கடையின் மாடியில் கிளினிக் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஞாயிறுதான் லீவு என்பதால் அவள் ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக்கைத் திறந்து வைப்பாள். அப்படி ஒரு ஞாயிறில்தான் பானுப்பிரியா தனியாகப் படியேறி வந்தாள். வயது இருபத்து மூன்று. ஊர் தாயில்பட்டிப் பக்கம். பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற வேலை. முன்பற்கள் தூக்கலாக இருந்தன. அவற்றின் குறுக்கே பழுப்புக் கோடுகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வெத்தலைக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து, சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். கம்பெனியில் இரண்டு கையிலும் பசை இருக்கும். அதனால் அங்கே சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

முதல் நாள் வீரலட்சுமி வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்களா?"

"பாக்கல டாக்டரம்மா. எனக்குத்தான் வேணும். என் சம்பளம்தான்."

அந்தப் பதில் வீரலட்சுமிக்குப் பிடித்திருந்தது.

இப்போது மூன்றாவது கிளிப்பையும் கையில் வைத்துக்கொண்டு அவள் விளக்கம் சொன்னாள். சின்ன வயதில் குடித்த போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்திருக்க வேண்டும். அதனால்தான் பல்லில் கறை. கறையோடு போகவில்லை. பல்லின் மேல்தோல் கெட்டிப்பட்டு விட்டது. சாதாரணப் பல்லில் கொஞ்சம் அமிலம் தடவினால் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். பசை அந்தக் குழிக்குள் இறங்கி, நீல விளக்கு காட்டினால் இறுகிக்கொள்ளும். இவள் பல்லில் அமிலம் இறங்கவே இல்லை.

பானுப்பிரியா கவனமாகக் கேட்டாள். "வார்னிஷ் அடிச்ச லேபிளு மாதிரிங்கிறீகளா? அதுலயும் மாவுப் பசை நிக்காது. உப்புத்தாளை வச்சு லேசா ஒரு தேய் தேய்ச்சுட்டுத்தான் ஒட்டுவோம்."

வீரலட்சுமி சிரித்துவிட்டாள். "நானும் இப்ப அதத்தான் செய்யப்போறேன். புத்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப மொதல்லயே தேய்ச்சிருக்கலாம்ல டாக்டரம்மா?"

கேள்வியில் குத்தல் ஏதும் இல்லை. வேலை தெரிந்தவள் இன்னொரு வேலைக்காரியிடம் கேட்கிற கேள்விதான். "தேய்க்காமலே நிக்கும்னு நினைச்சேன்" என்றாள் வீரலட்சுமி.

கம்பெனி வாசலில் வேறொரு தொல்லை இருந்தது. உள்ளே போகும் பெண்களைச் சோதிக்கிற பாலம்மாள் ஊக்கு, கொலுசு, ஹேர்பின் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வாள். இரும்பு உரசிப் பொறி வந்துவிடக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். கம்பி போட்ட மறுநாள் பானுப்பிரியாவின் வாயைப் பார்த்துவிட்டு அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போர்மேன் காளிராஜைக் கூப்பிட்டாள். அவர் வந்து குனிந்து பார்த்து, "இது வாய்க்குள்ளதானே இருக்கு. வாயைத் தொறக்காம வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தினமும் காலையில் வேனைவிட்டு இறங்கும்போது யாராவது ஒருத்தி, "வாயை மூடுத்தா, பொறி பறக்கப் போகுது" என்பாள்.

"வெள்ளையா ஒண்ணு இருக்காமே டாக்டரம்மா, பல்லு கலர்லயே. தெரியவே தெரியாதாமே" என்று பானுப்பிரியா கேட்டதற்கு அதுதான் காரணம்.

பீங்கான் பொட்டுகள் வீரலட்சுமிக்கு நன்றாகத் தெரியும். மேற்படிப்பில் அவளுடைய ஆராய்ச்சியே அவைதான். பிடுங்கிய அறுபது பற்களில் உலோகத்தையும் பீங்கானையும் ஒட்டி, இயந்திரத்தில் பூட்டி, எவ்வளவு விசையில் பிய்ந்து வருகிறது என்று அளந்தாள். பீங்கானின் பிடிதான் அதிகம். அதன் முதுகில் ஒரு மருந்து பூசியிருப்பார்கள், அது பசையோடு ஒன்றாகிவிடும். இந்தப் பெண்ணின் பல்லுக்கு அதுதான் சரி என்று தோன்றியது. முன்பற்கள் ஆறிலும் மேல்தோலை மெல்லத் தேய்த்து, அமிலத்தை இரண்டு மடங்கு நேரம் வைத்து, பீங்கான் பொட்டுகளை ஒட்டினாள். பின்பற்களில் பழைய உலோகமே இருந்தது.

நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு தீபாவளி, ஒரு பொங்கல். ஆறில் ஒன்றுகூட அசையவில்லை. மாதம் ஒருமுறை பானுப்பிரியா வந்து கம்பியை முறுக்கிக்கொண்டு போனாள். பற்கள் உள்ளே போயின. உதடு மூடியது. ஒருமுறை கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த வருடம் அக்டோபரில் மதுரையில் பல்மருத்துவர்கள் கூட்டம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. கறைப் பற்களில் பீங்கான் நிற்கிறது என்பதைப் பற்றிப் பேச வீரலட்சுமி பெயர் கொடுத்திருந்தாள். தொடக்கத்தில் எடுத்த படங்கள் இருந்தன. முடிவில் எடுக்கும் படம் மட்டும்தான் வேண்டும். பீங்கானைக் கழற்றுவதற்கென்றே தனிக் கொறடு உண்டு. அதைச் சென்னையில் ஆர்டர் போட்டிருந்தாள். தீபாவளி நெருங்கியதால் பார்சல் ஆபீஸ் முழுக்கப் பட்டாசும் காலண்டரும் போய்க்கொண்டிருந்தன. கொறடு வரவில்லை. கூட்டம் அடுத்த ஞாயிறு.

"தீவாளிக்கு அப்புறம் எடுத்துக்கலாமே டாக்டரம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் பானுப்பிரியா போனில்.

"இல்லம்மா, பல்லு சரியா நின்னாச்சு. இந்த ஞாயித்துக்கிழமையே வந்துடு."

அன்று பானுப்பிரியாவோடு அவளுடைய அம்மா சின்னத்தாயும் வந்தாள். மகள் பல்லைக் கம்பி இல்லாமல் பார்க்க வேண்டும் என்று ஆசை. வீரலட்சுமியின் அப்பா பெத்தணனுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் நிலம் இருந்தது. அந்தப் பருத்திக் காட்டில் சின்னத்தாய் பல வருடம் களை எடுத்திருக்கிறாள். அது தெரிந்ததும் வீரலட்சுமிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உக்காருங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னாள். "இருக்கட்டும் தாயி, நின்னே பாக்கேன்" என்று சின்னத்தாய் சுவரோரம் நின்றாள்.

வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். வீரலட்சுமி கம்பியை வெட்டி எடுத்தாள். பின்பற்களின் உலோகப் பொட்டுகள் எளிதாக வந்துவிட்டன. பீங்கானுக்கும் உலோகத்துக்கு உபயோகிக்கிற அதே கொறடைத்தான் எடுத்தாள். வலது பக்கப் பல்லில் முதல் பொட்டைக் கவ்வி அழுத்தினாள். டக்கென்று சுத்தமாக வந்துவிட்டது. அது வந்த விதத்தில் அவளுக்குத் தைரியம் வந்தது. அடுத்து நடுப்பல். கவ்வினாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

சத்தம் வேறு மாதிரி இருந்தது.

பானுப்பிரியாவின் கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கியது. கொறடின் நுனியில் பொட்டு இருந்தது. அதன் முதுகில், பசைக்கும் பின்னால், அரிசி நொய் அளவுக்குப் பல்லின் வெள்ளைத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பிடி பல்லைவிட வலுவாக இருந்திருக்கிறது. வீரலட்சுமி இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவளுடைய ஆராய்ச்சியிலேயே பீங்கான் ஒட்டிய முப்பது பற்களில் மூன்று இப்படித்தான் உடைந்தன. ஒரு வரியில் அதை எழுதியும் இருந்தாள். அந்த மூன்றும் நல்ல பற்கள். இது கறைப் பல். அதிலும் மேலே தேய்த்து மெலிந்த பல்.

"என்ன ஆச்சு?" என்றாள் பானுப்பிரியா. மூச்சை உள்ளே இழுத்தவள், காற்று பட்டுக் கூசியதால் உதட்டை மூடிக்கொண்டாள்.

"பல்லுல ஒரு ஓரம் பேந்திருச்சும்மா."

கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். நட்டநடுப் பல்லில் ஒரு குழி. சின்னத்தாய் ஓடி வந்து மகளின் தோளைப் பிடித்தாள். பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். டாக்டரின் முகம் வெளிறியிருந்தது.

"விடுங்க தாயி. பல்லுதானே. நீங்க வேணும்னா செஞ்சீக? நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீக."

பானுப்பிரியா கண்ணாடியை இறக்கினாள். "எம்மா, உடைஞ்சது எம் பல்லு. நீ எதுக்குப் பரவாயில்லங்கிற?"

"ஏ, சும்மா இரு புள்ள. டாக்டரம்மாவே பதறிப்போயி நிக்காக."

"அவுக பதறட்டும். ஒண்ணரை வருசமா ஒரு கடலை மிட்டாய் கடிச்சிருப்பேனா நான்? தீவாளிக்கு அப்புறம் எடுங்கன்னு சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?"

"சொன்னே" என்றாள் வீரலட்சுமி.

குழியை அன்றைக்கே அடைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். பானுப்பிரியா நாற்காலியிலிருந்து இறங்கி, கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மேசையில் வைத்தாள். மீதி நான்கு பீங்கான் பொட்டுகளும் பல்லில் அப்படியே இருந்தன. படியிறங்கிப் போய்விட்டாள். சின்னத்தாய் கைகூப்பி, "சின்னப்புள்ள கோவம் தாயி, மனசுல வச்சுக்காதீக" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனாள். வீரலட்சுமிக்கு மகளின் கோபத்தைவிடத் தாயின் அந்தக் கும்பிடுதான் தாங்க முடியாததாக இருந்தது. வேறு யாராவது டாக்டராக இருந்தால் சின்னத்தாய் இப்படிக் கும்பிட்டிருப்பாளா என்று நினைத்தாள். பதில் தெரிந்துதான் இருந்தது.

மதுரைக்குப் போன் செய்து, நோயாளிக்கு உடம்பு சரியில்லாததால் பேச இயலவில்லை என்று சொன்னாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. மூன்று தடவை பானுப்பிரியாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ஊருக்கே போகலாமா என்று யோசித்தாள். பெத்தணன் மகள் காரில் போய் அந்தத் தெருவில் இறங்கினால் தெருவே கூடி, அவளுக்குச் சோடா உடைத்துக் கொடுத்து, பானுப்பிரியாவைத்தான் சமாதானத்துக்குக் கூட்டி வரும். போகவில்லை. ஒரு தபால் கார்டு மட்டும் எழுதினாள். பல்லைத் திறந்தபடி விடக் கூடாது, கூச்சம் கூடினால் உள்ளே நரம்பு வரை போகும், என்னிடம் வர விருப்பமில்லை என்றால் விருதுநகரில் இன்னொரு டாக்டர் இருக்கிறார், அவரிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், அவருடைய விலாசம் இது. மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி, கார்டை எல்லோரும் படிப்பார்களே என்று தயங்கி, அடிக்காமல் அப்படியே விட்டாள்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்திருந்த ஒரு திங்கட்கிழமை பானுப்பிரியா வந்தாள். தனியாக வந்தாள். கிளினிக்கில் வேறு ஆள் இல்லை. நாற்காலியில் ஏறிப் படுக்காமல் டாக்டரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"விருதுநகருக்குப் போகல. இத ஒட்டுனவுகதான் எடுக்கணும். ஆனா மொதல்ல எனக்குத் தெரியணும். என்ன தப்பு நடந்துச்சு?"

வீரலட்சுமி சொன்னாள். தனிக் கொறடு வரவில்லை என்பதைச் சொன்னாள். காத்திருந்தால் பத்து நாளில் வந்திருக்கும் என்பதையும் சொன்னாள். மதுரைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். படம் வேண்டியிருந்ததைச் சொன்னாள். தன் ஆராய்ச்சியில் மூன்று பற்கள் உடைந்ததைக் கடைசியாகச் சொன்னாள்.

"அப்ப தெரிஞ்சிருக்கு."

"தெரியும். உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல."

பானுப்பிரியா மேசையின் மேல் கிடந்த புது வருடக் காலண்டரை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "எங்கம்மா இப்பவும் ஒங்க மேல தப்பே இல்லைங்குது. ஒங்கப்பா காட்டுல சோறு தின்னோம்ங்குது. நீ வேலை செஞ்சுல்ல தின்னேங்கிறேன் நான். அதுக்கு வெளங்கல."

"உங்கம்மா சொன்னது எனக்கும் நல்லதுக்கில்ல" என்றாள் வீரலட்சுமி. "நீ கோவிச்சதுதான் சரி."

"கோவம் இன்னும் போகல டாக்டரம்மா."

"போக வேண்டாம். பல்லை மட்டும் பாத்துருவோம்."

அப்போதுதான் அவள் நாற்காலியில் ஏறினாள். ஒரு நிபந்தனை வைத்தாள். கண்ணாடி தன் கையில் இருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

தனிக் கொறடு வந்திருந்தது. ஆனாலும் வீரலட்சுமி அதைத் தொடவில்லை. மெலிந்த பல்லில் இழுவையே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். வைரத்தூள் பதித்த முனையை வைத்து, தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே பீங்கானைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மாவாக்கினாள். ஒரு பொட்டுக்கு அரை மணி நேரம் பிடித்தது. சூடு ஏறாமல் இருக்க நிறுத்தி நிறுத்திச் செய்தாள். "இப்ப ஓரத்தைத் தேய்க்கேன்." "இப்பக் கொஞ்சம் கூசும்." "இனிப் பசைதான், பீங்கான் முடிஞ்சுது." பானுப்பிரியா கண்ணாடியில் பார்த்தபடி விரலை அசைத்துச் சரி என்பாள். வெள்ளை மாவு அவள் கன்னத்தில் தெறித்துக் காய்ந்திருந்தது. அன்றைக்கு இரண்டு. இரண்டு நாள் கழித்து வந்து மீதி இரண்டு. கடைசிப் பொட்டு கரைந்து பசையும் போன பிறகு இருவருக்குமே கழுத்து வலித்தது.

குழி விழுந்த பல்லை அடைக்க அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் ஆயிற்று. வீரலட்சுமி மூன்று நிறத்தில் பசை கலந்து பார்த்தாள். பக்கத்துப் பல்லில் பழுப்புக் கோடு இருந்தது. அதைத் தேய்த்து மங்க வைக்கலாம், முழுக்கப் போகாது, சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"போற அளவுக்குப் போகட்டும்" என்றாள் பானுப்பிரியா. நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தாள். வழுவழுப்பாக இருந்தது. அது அவளுக்கே வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். தடவிக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது வாசலில் நின்றாள். "அந்த மதுர மீட்டிங்குல பேசுனீகளா?"

"இல்ல. உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லிட்டேன்."

"யாருக்கு?"

"உனக்கு."

பானுப்பிரியா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "எனக்கு உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த தடவ போயி நடந்ததச் சொல்லுங்க. உடைஞ்ச போட்டோவையும் காட்டுங்க. வேற எவளுக்காவது இது நடக்காம இருக்கும்ல."

அடுத்த கூட்டம் 2008 மார்ச்சில். வீரலட்சுமி போனாள். நாற்பது பேர் இருந்த அறையில், பொட்டு நின்ற கதையை ஐந்து நிமிடமும் பல் உடைந்த கதையைப் பதினைந்து நிமிடமும் சொன்னாள். காத்திருக்கச் சொன்னபோது காத்திருக்கவில்லை என்பதையும் சொன்னாள். முன்வரிசையில் இருந்த மூத்த டாக்டர் முத்துராமலிங்கம், "இதையெல்லாம் மேடையில சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். "நோயாளி சொல்லச் சொன்னா, ஐயா" என்றாள். சிலர் சிரித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ராஜபாளையத்து டாக்டர் ஒருவர் தட்டோடு அவளைத் தனியாக ஓரம் கட்டி, தனக்கும் இப்படி இரண்டு நடந்தது, யாரிடமும் சொன்னதில்லை என்றார். எந்த முனையை வைத்துத் தேய்த்தீர்கள், எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு குறித்துக்கொண்டார்.

திரும்பி வந்த வாரம் வீரலட்சுமி போன் செய்தாள். பானுப்பிரியா எடுத்தாள். பின்னால் வேன் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டன.

"சொல்லிட்டேன் பானு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சரி டாக்டரம்மா" என்றாள் அவள். "எங்க பக்கத்து வீட்டுச் சினேகாவுக்கும் கறைப் பல்லுதான். பன்னெண்டு படிக்கா. கம்பி போடணும்ங்கிறா. வார ஞாயித்துக்கிழம கூட்டியாறேன். அவகிட்ட மொதல்லயே எல்லாத்தையும் சொல்லிருங்க" என்றாள்.

"சொல்றேன். கூட்டிட்டு வா."

வேன் கிளம்புகிறது என்று சொல்லி பானுப்பிரியா போனை வைத்தாள்.